மாலத்தீவுக்கு டூட்டி ஃப்ரீ மது கொண்டுபோகலாமா? முடியாது

"விமான நிலைய டூட்டி ஃப்ரீ கடையில் வாங்கிய பாட்டிலை, சீல் பிரிக்காமல் இருந்தால் மாலத்தீவுக்குள் கொண்டுபோகலாம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. மாலேயின் வேலானா விமான நிலையத்தில் இறங்கியதும் பைகள் எக்ஸ்ரேயில் போகும். பாட்டில் தென்பட்டால் சுங்கத்துறை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது தரும். ஊர் திரும்பும்போது அந்த ரசீதைக் காட்டி மீட்கலாம். ஆகவே அதைப் பாஸ்போர்ட்டோடு பத்திரமாக வையுங்கள். பன்றி இறைச்சிக்கும் இதே தடை. மது வேண்டுவோர் உரிமம் பெற்ற ரிசார்ட்டிலோ சஃபாரி படகிலோதான் குடிக்க முடியும். மாஃபுஷி போன்ற, மக்கள் வாழும் தீவுகளில் விற்பனை கிடையாது.

கூடவே பரவும் "விசா இலவசம், படிவமே வேண்டாம்" என்பதும் பாதிதான் சரி. விசா இலவசமே. ஆனால் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' (IMUGA) என்ற ஆன்லைன் பயணி அறிவிப்புப் படிவத்தைப் பூர்த்தி செய்ய வேண்டும். அதற்கும் கட்டணமில்லை, பணம் கேட்கும் தளம் அரசுடையது அல்ல.