பூல் உலகக் கோப்பைக்கு ஜோடியை அனுப்புங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் ஆடுகிற பூல் (Pool) பார்லரில் போன வாரம் ஒரு பேச்சு கிளம்பியது. உலகக் கோப்பை பூலுக்கு இந்தியாவிலிருந்து இரண்டு பேரை அனுப்பச் சொன்னால் யாரை அனுப்புவது? பசங்க எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். "நேஷனல்ஸ்ல ஃபர்ஸ்ட் வந்தவர், செகண்ட் வந்தவர். இதுல யோசிக்க என்னண்ணே இருக்கு?"

நிறைய இருக்கிறது. கடை சாத்துகிற நேரம், அன்றைக்குச் சொல்லி முடிக்க முடியவில்லை. இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூல் தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம். குச்சியால் வெள்ளைப் பந்தை அடித்து, அதைக் கொண்டு மற்ற பந்துகளைக் குழியில் தள்ளுகிற மேசை ஆட்டம் அது. இந்த உலகக் கோப்பை 2006-இல் தொடங்கியது. 32 அணிகள், அணிக்கு இரண்டு பேர், ஆட்டம் நைன் பால். மேசையில் 1 முதல் 9 வரை எண் போட்ட பந்துகள். இருப்பதிலேயே சின்ன எண்ணைத்தான் வெள்ளை முதலில் தொட வேண்டும். 9-ஐ முறைப்படி குழியில் போட்டவர்களுக்கு அந்த ரேக், அதாவது அந்த ஒரு ஆட்டம். இதுவரை எல்லாம் சுலபம். ஆனால் இரண்டு பேரும் மாறி மாறி அடிக்க வேண்டும். நான் 1-ஐப் போட்டால் 2-ஐ என் கூட்டாளி அடிக்க வேண்டும், 3-க்கு மறுபடி நான்.

கேரம் டபுள்ஸ் ஆடியவர்களுக்கு இதில் இருக்கும் வில்லங்கம் உடனே புரியும். கேரமில் காய் விழுந்தால் அதே ஆள் தொடர்ந்து அடிக்கலாம். தான் வைத்த இடத்திலிருந்து தானே ஆடலாம். இங்கே பந்தைப் போட்டுவிட்டு ஒதுங்க வேண்டும். வெள்ளையை நான் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறேனோ, அங்கிருந்து இன்னொருவன் அடிக்கிறான். அவனுக்கு எது சௌகரியம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் சௌகரியம் அவனுக்கு எதற்கும் உதவாது.

எனக்கு ஒரு ஜோடி இருந்தான். முத்தியால்பேட்டைக்காரன், என்னைவிடச் சின்னவன், இடது கை ஆட்டக்காரன், என் தோள் உயரம்தான் இருப்பான். வேலை முடிந்ததும் நான் கடலூரிலிருந்து பாண்டி பஸ் ஏறி, ரெட்டிச்சாவடி, கன்னியக்கோவில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒவ்வொரு நிறுத்தத்தையும் எண்ணிக்கொண்டே போவேன். இரண்டு வருஷம் அப்படி ஆடினோம். அந்த இரண்டு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது என் ஆட்டத்தை அல்ல, அவன் ஆட்டத்தை.

ஒரு பந்து சொல்கிறேன். 6-ஆம் எண் இடது மூலைக் குழிக்குப் பக்கத்தில், நீளக் குஷனை (மேசையின் ஓரத் தடுப்பை) ஒட்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை மேசையின் நடுவே, கொஞ்சம் இடப்பக்கமாக இருக்கிறது. வலது கைக்காரன் அதற்கு மேசை மேல் ஏறிப் படுக்காத குறையாக எட்ட வேண்டும், இல்லையென்றால் ரெஸ்ட் (குச்சியைத் தாங்கும் கோல்) எடுக்க வேண்டும். இடது கைக்காரன் மேசை ஓரமாக வந்து, இரண்டு காலும் தரையில் பதிய, சாவகாசமாக அடிப்பான். அதே வெள்ளை நாலு விரற்கடை தள்ளி நின்றால் எல்லாம் தலைகீழ். அவனுக்காக வெள்ளையை இந்த நாலு விரற்கடைக்குள் நிறுத்தப் பழக எனக்கு ஆறு மாசம் பிடித்தது.

இன்னொன்று, புதுசாக ஆடுகிற பையன்கள் கூட்டாளிக்கு நேர்கோட்டில் பந்தை விட்டுவிட்டுப் பெரிய உதவி செய்ததாக நினைத்துக்கொள்வார்கள். நேர்கோட்டில் போடுவது சுலபம்தான். ஆனால் வெள்ளையும் அதே கோட்டில்தான் முன்னே போகும், பின்னே வரும். அடுத்த எண் மேசையின் மறுகோடியில் இருந்தால் அவன் மாட்டிக்கொண்டான். கொஞ்சம் சாய்வு வைத்து விட வேண்டும். எவ்வளவு சாய்வு என்பது அவனவன் கையைப் பொறுத்தது. என் ஜோடிக்கு வெள்ளையை இழுத்து ஆடுவது பிடிக்காது, தள்ளி உருட்டி ஆடுவான். அதற்கேற்ற சாய்வு வேறு. இந்தக் கணக்கெல்லாம் எந்த ரேங்கிங் பட்டியலில் வருகிறது?

பதினாலு வருஷம் முன்னால் ஒரு டபுள்ஸ் தேர்வுக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். ஜோடியாக ஆடிய ஆட்டம் எல்லாவற்றிலும் ஜெயித்தோம். சாயங்காலம் பெயர் வாசித்தபோது என் பெயர் இருந்தது, அவன் பெயர் இல்லை. தனி ஆட்டத்தில் அவனைவிட மேலே இருந்த ஒருவரை என்னோடு சேர்த்திருந்தார்கள். அவர் மேல் எனக்கு இன்றும் ஒரு குறையும் கிடையாது. சந்தேகமே இல்லாமல் எங்கள் இரண்டு பேரையும்விட நல்ல ஆட்டக்காரர். போட்டிக்கு முன்னால் ஒரே ஒரு சாயங்காலம் சேர்ந்து ஆடினோம். முதல் சுற்றில் 6-6. கடைசி ரேக்கில் 6-ஐப் போட்டுவிட்டு வெள்ளையை 7-க்கு விட்டேன். அற்புதமாக விட்டேன், ஆனால் முத்தியால்பேட்டைக்காரனுக்கு. இரண்டு வருஷப் பழக்கம், கை தன்பாட்டுக்கு அந்தப் பக்கமே கொண்டுபோய் நிறுத்திவிட்டது. இவர் வலது கைக்காரர். ரெஸ்ட்டை எடுத்தார், குச்சி முனையில் சாக்கட்டி தடவினார், இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தார். பந்து குழியின் வாயில் பட்டு வெளியே வந்தது. அதோடு முடிந்தது. திரும்பி வரும்போது அவர் என்னிடம், "தம்பி, நீ எனக்கு விடல" என்றார். குத்திக்காட்டவில்லை, இருந்ததைச் சொன்னார்.

என் சொந்த வருத்தத்தை வைத்து நாட்டு அணிக்கு யோசனை சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். உலகக் கோப்பையில் ஜெயித்தவர்களையே பாருங்கள். 2006-இல் பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரேயஸும் பிரான்சிஸ்கோ புஸ்தமாந்தேயும் ஜெயித்தார்கள். 2009-இல் மறுபடி அதே இரண்டு பேர். ரேயஸுக்கு அப்போது 55 வயது! 2007-இல் சீனாவின் லீ ஹேவென், ஃபூ ஜியான்போ. 2010-இல் மறுபடி அதே ஜோடி. 2017-இல் சீனாவின் வூ ஜியாசிங், லியூ ஹைதாவ், 2018-லும் அவர்களே. ஜெர்மனியின் ரால்ஃப் சூகேவும் தோர்ஸ்டன் ஹோமனும் 2009 இறுதி ஆட்டத்தில் தோற்றார்கள். ஜெர்மனி அந்த ஜோடியை உடைத்துப் போட்டுவிடவில்லை. 2011-இல் அதே ஜோடி கோப்பையோடு போனது. ஆஸ்திரியாவின் ஆல்பின் ஓஷானும் மாரியோ ஹேவும் 2018-இல் இறுதியில் தோற்று, 2019-இல் ஜெயித்தார்கள்.

தோற்ற ஜோடியை மறுபடி அனுப்புவதற்கு ஒரு தைரியம் வேண்டும். நம் ஊரில் தோற்றுவிட்டு வந்தால் முதல் வேலையாக ஆளை மாற்றுவோம். சேர்ந்து தோற்ற அனுபவமும் ஜோடியின் சொத்துதான், அதைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவோம்.

2021-இல் ஜெர்மனிக்காக ஜெயித்தவர்களில் ஜோஷுவா ஃபில்லரை எல்லாருக்கும் தெரியும், 2018-இல் உலக நைன் பால் சாம்பியன். கூட ஆடிய கிறிஸ்டோஃப் ரைன்ட்ஜெஸை எங்கள் பார்லரில் யாருக்கும் தெரியாது. பெரிய ஆளுக்குப் பக்கத்தில் இன்னொரு பெரிய ஆள் வேண்டும் என்று அவசியமில்லை. அவருக்குச் சரியாக விடத் தெரிந்த ஆள் இருந்தால் போதும்.

ரேங்கிங் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். ஃபார்கோ ரேட் என்று ஒரு கணக்கு இருக்கிறது, இன்று உலகம் முழுக்கப் பூல்காரர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள். இரண்டு பேருக்கு நடுவில் 100 புள்ளி வித்தியாசம் என்றால், மேலே இருப்பவர் 2 ரேக் ஜெயிக்கும்போது கீழே இருப்பவர் 1 ரேக் ஜெயிப்பார் என்று அர்த்தம். இதை வைத்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 100 புள்ளி வித்தியாசம் இருந்தாலும், முதலில் 5 ரேக் எடுப்பவர் ஜெயிக்கிற சின்ன ஆட்டத்தில், கீழே இருப்பவர் ஏழு தடவைக்கு ஒரு தடவை ஜெயித்துவிடுவார். வித்தியாசம் 20 புள்ளிதான் என்றால், மேலே இருப்பவர் நூற்றுக்கு 58 தடவை ஜெயிப்பார், அவ்வளவுதான். அந்த 20 புள்ளிக்காக இரண்டு வருஷம் சேர்ந்து ஆடிய ஜோடியைப் பிரிப்பது பெரிய அநியாயம். அதைவிட, ஜெயிப்பதற்கு அது வழியே இல்லை.

டென்னிஸில் நாமே பட்டிருக்கிறோம். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸுக்கு முன்னால் பூபதியும் போபண்ணாவும் பயஸோடு ஆட மாட்டோம் என்று நின்றார்கள். கடைசியில் அவர்கள் ஒரு ஜோடி, பயஸும் விஷ்ணு வர்தனும் ஒரு ஜோடி. இரண்டு ஜோடியும் இரண்டாவது சுற்றைத் தாண்டவில்லை. யார் பக்கம் நியாயம் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஜோடியைக் காகிதத்தில் சேர்க்கலாம், ஆடுகளத்தில் சேர்க்க முடியாது என்பதை நாடே உட்கார்ந்து பார்த்த வருஷம் அது.

நான் கேட்பது இதுதான். தேர்வை டபுள்ஸாகவே நடத்துங்கள், மாறி மாறி அடிக்கிற அதே முறையில். வெளிநாட்டுப் போட்டி 9 அடி மேசையில் நடக்கிறது. நம் ஊர்ப் பார்லர்களில் பெரும்பாலும் 8 அடி. தேர்வாவது 9 அடி மேசையில் நடக்க வேண்டும், 30 வினாடிக் கடிகாரம் ஓட வேண்டும். கடிகாரம் ஓடும்போது இரண்டு பேர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். நல்ல ஜோடி அதிகம் பேசாது. ஒருவன் பந்தைக் கண்ணால் காட்டுவான், மற்றவன் தலையசைப்பான். தோற்கிற ஜோடி ஒவ்வொரு பந்துக்கும் கூட்டம் போடும்.

ஸ்நூக்கரில் பெரிய ஆள் என்பதால் பூலுக்கும் அவரையே அனுப்பலாம் என்ற பேச்சும் அன்றைக்கு வந்தது. நம் நாட்டின் பெருமை பில்லியர்ட்ஸும் ஸ்நூக்கரும்தான். 1958-இல் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் சாம்பியன் ஆனதிலிருந்து கீத் சேத்தி, பங்கஜ் அத்வானி என்று அந்த வரிசை நீள்கிறது. ஸ்நூக்கர் விதிகளை எழுதி மாட்டியதே நம் ஊட்டி கிளப்பில்தான். குழியில் போடுவதில் ஸ்நூக்கர்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் நைன் பாலில் பாதி ஆட்டம் பிரேக்கில், அதாவது பந்துகளைக் கலைக்கிற முதல் அடியில் இருக்கிறது, மீதியில் பாதி எதிராளிக்கு வெள்ளையை ஒளித்து வைப்பதிலும் குஷனில் தட்டி எடுப்பதிலும் இருக்கிறது. அவர்களும் வரட்டும், ஜோடியோடு வந்து தேர்வில் ஆடட்டும்.

இதைச் சொன்னதும் ஒரு பையன் கேட்ட கேள்விதான் எனக்கு உறைத்தது. "அண்ணே, ரேங்கிங்க விட்டுட்டு ஜோடி, பழக்கம்னு போனா, வேண்டப்பட்டவனுக்குத்தான சீட்டு? எனக்கு யாருண்ணே இருக்கா?" அவன் அப்பா முதுநகர் துறைமுகத்தில் படகுக்கு ஐஸ் ஏற்றுகிறவர். அவன் சொன்னது நியாயம். ஆள் பலம் இல்லாதவனுக்கு அந்தப் பட்டியலில் இருக்கும் எண் ஒன்றுதான் துணை. அதைப் பிடுங்கிவிட்டு என் கண்ணுக்கு இது நல்ல ஜோடி என்று யாரோ ஒருவர் முடிவு செய்தால், என் முத்தியால்பேட்டைத் தம்பிக்கு நடந்ததைவிட மோசமாகத்தான் நடக்கும்.

அதனால் ரேங்கிங்கைக் கதவாக வையுங்கள். முதல் 16 பேருக்குள் வந்தவர் யாராக இருந்தாலும் தனக்குப் பிடித்த கூட்டாளியைத் தானே கூட்டிக்கொண்டு தேர்வுக்கு வரட்டும். கூட்டாளி பட்டியலில் எந்த இடத்தில் இருந்தாலும் சரி. உள்ளே வந்த பிறகு எல்லா ஜோடியும் எல்லா ஜோடியோடும் ஆடட்டும், ஸ்கோரைச் சுவரில் ஒட்டுங்கள். ஜெயித்த ஜோடி, ஜோடியாகவே போகட்டும். பெயர் வாசிக்கும் நேரத்தில் ஒருவரை எடுத்துவிட்டு இன்னொருவரைச் செருகுவது மட்டும் கூடாது.

ஐந்து பேர் ஆடுகிற அணி என்றால் பயிற்சியாளருக்குக் கொஞ்சம் சுதந்திரம் கொடுக்கலாம். அமெரிக்காவும் ஐரோப்பாவும் 1994 முதல் ஆடுகிற மோஸ்கோனி கோப்பை என்ற பூல் போட்டியில் 2010 தொடங்கி எட்டு வருஷம் தொடர்ந்து அமெரிக்கா தோற்றது. ஐரோப்பாவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த நெதர்லாந்துக்காரர் யோஹான் ரைசிங்கையே அமெரிக்கா தன் பக்கம் கூப்பிட்டுக்கொண்டது. 2018-இல் லண்டனில் 11-9, அடுத்த வருஷமும் வெற்றி. ஆட்டக்காரர்கள் ஒரே இரவில் மாறிவிடவில்லை, சேர்த்து வைத்துப் பழக்க ஓர் ஆள் கிடைத்தார். இரண்டு பேர் அணியில் அந்த வேலையை இரண்டு பேரும் தாங்களே செய்துகொள்ள வேண்டும். அதற்கு வருஷக்கணக்கில் நேரம் வேண்டும்.

முத்தியால்பேட்டைக்காரன் இப்போது குழந்தை குட்டியோடு இருக்கிறான், குச்சியைத் தொட்டு வருஷக்கணக்காகிறது. இந்தப் பதிவை எழுதுவதற்கு முன்னால் போன் போட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் பார்லரில், மேலே சொன்ன முறையிலேயே ஒரு ஜோடித் தேர்வு நடத்துகிறோம். மேசை 8 அடிதான், கடிகாரத்துக்கு செல்போன். ஐஸ் ஏற்றுகிறவர் மகன் தன் ஜோடியைச் சொல்லிவிட்டான். கடலூர், நெல்லிக்குப்பம், பாகூர், பாண்டி, எங்கிருந்தும் வரலாம், இரண்டு பேராக வாருங்கள். மேசை வாடகையில் பாதி எங்களுடையது. ஸ்கோர் எழுத முத்தியால்பேட்டைக்காரன் வருகிறேன் என்றிருக்கிறான்.