அந்த இடத்துக்கு ஒரு பேர் இருக்கு

ஜப்பான்ல ஏழைங்க இருக்கிற ஒரு ஏரியாவைப் பத்தி நம்ம ஊர் அண்ணன் ஒருத்தர் போட்ட வீடியோவையே நேத்துல இருந்து ஆளாளுக்கு அனுப்பிட்டு இருக்கீங்க. பார்த்துட்டேன் சாமி, ரெண்டு தடவை. தலைப்பு ‘ஜப்பானின் சேரி’யாம். தம்ப்நெயில்ல சிவப்பு அம்புக்குறி வேற.

அந்த இடத்துக்கு காமாகசாகினு பேர். ஒசாகாவில் ஷின்-இமாமியா ஸ்டேஷனுக்குத் தெற்கே இருக்கு. அரசாங்க வரைபடத்துல தேடினா கிடைக்காது. 1966ல அதிகாரிகள் ‘ஐரின்’னு புதுப்பேர் வச்சாங்க. அண்டை வீட்டார் மேல அன்புனு அர்த்தம். அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடிதான் டாக்சி மோதிச் செத்த ஒரு கூலித் தொழிலாளியைப் பாயால மூடி ரோட்டுலயே போட்டுட்டுப் போனாங்க போலீஸ்காரங்க. முதல் கலவரம் வெடிச்சதே அதுலதான். அன்பாம்!

1970ல ஒசாகாவில் நடந்த எக்ஸ்போங்கிற உலகப் பொருட்காட்சியை ஆறு கோடிப் பேருக்கு மேல பார்த்தாங்க. அதைக் கட்ட நாடு பூரா இருந்து வந்த கூலிக்காரங்க தங்கினது இங்கதான். விடியக்காலையில மேஸ்திரி வேன்ல ஆள் பிடிச்சுட்டுப் போவார். ராத்திரி திரும்பினா மூணு பாய் விரிக்கிற அளவு ரூம். விடுதிக்கு ஜப்பான்ல ‘யாடோ’ம்பாங்க. இதெல்லாம் ஒரு விடுதியானு அதைத் திருப்பிப் போட்டு ‘டோயா’ன்னாங்க. அந்தக் குசும்பு ஒண்ணு போதும் எனக்கு.

நானும் டோயாவுல இருந்தவன்தான். 2017ல வேலைக்கு வந்த புதுசுல பத்து நாள். பக்கத்துப் பொதுக் குளியலறையில உடம்பைக் கழுவாம நேரா தொட்டியில இறங்கிட்டேன். முதுகு பூராவும் பச்சை குத்தின ஒரு தாத்தா போட்டாரே ஒரு அதட்டல்! வெலவெலத்துப் போய் ஏறி வந்தா, ஸ்டூலை இழுத்துப் போட்டு, தன் சோப்பையே கையில கொடுத்து, எப்படித் தேய்க்கணும்னு காட்டினார்.

“ஏழ்மையைக் காட்டவே கூடாதா?”ன்னு கேட்பீங்க. காட்டுங்க. பேரைச் சொல்லிக் காட்டுங்க. “குடிச்சுட்டு ரோட்டுல கிடக்கிறாங்களே?” உங்க ஏரியா டாஸ்மாக் வாசல்ல பூங்கொத்தோடவா நிக்கிறாங்க? “யாகூசா, அதான் ஜப்பான் தாதா கும்பல், இருக்காங்களாமே?” இருக்காங்க. இல்லைனு நான் எப்ப சொன்னேன்? “நீ என்ன ஜப்பான் தூதரா?” ஆமா, சம்பளம்தான் இன்னும் வரலை.

2019ல அங்க கூலிக்காரங்க வேலை தேடிப் போற தொழிலாளர் மையத்தையும் மூடிட்டாங்க. 2022ல ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் பெரிய ரிசார்ட் ஹோட்டல் வந்தது. அதையெல்லாம் எடுக்க வீடியோ அண்ணனுக்கு நேரம் இல்லை போல. முக்கோணப் பார்க்குல கோடைத் திருவிழா நடக்கும், அந்த வருஷம் செத்துப்போனவங்களுக்காகக் கும்பிடுவாங்க. அதுவும் வீடியோவுல இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோவம்னு இன்பாக்ஸ்ல கேட்கிறீங்க. நான் வியாசர்பாடி. காலேஜ்ல முதல் நாள் ஊர் பேரைச் சொன்னதும் பக்கத்துல இருந்தவன் பையை மடியில எடுத்து வச்சுக்கிட்டான். ‘சேரி’ங்கிற வார்த்தையை நம்ம ஊர்ல யார் யாரைப் பார்த்துச் சொல்வாங்கன்னு அந்த வீடியோ அண்ணனுக்குத் தெரியாதா? நல்லாவே தெரியும். தெரிஞ்சுதான் தலைப்புல வச்சிருக்கார்.

சரி அண்ணே, வீடியோவை முழுசா நீக்க வேண்டாம். நாலாவது நிமிஷத்துல ஒரு பெரியவர் கையால முகத்தை மறைச்சுக்கிட்டு ஓரமா ஒதுங்கிப் போறார் பாருங்க. அந்த இடத்தை மட்டுமாவது வெட்டுங்க. ஸ்லோ மோஷன்ல விட்டு, மியூசிக் வேற போட்டிருக்கீங்க.