'வாழை' வலையான கதை

போன மாதம் ஒரு மாணவி அழைத்தார். ஆய்வுக்கு என் சிறுகதைத் தொகுப்பு வேண்டுமாம், தன் கல்லூரி நூலகத்தில் இல்லையாம். எனக்குச் சுருக்கென்றது. அங்கே இரண்டு பிரதிகளை நானே கையில் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். உட்கார்ந்து தேடினேன். கடைசியில் ஆங்கில எழுத்தில் 'வலை' என்று தட்டியபோது அகப்பட்டது. என் தலைப்பில் இருப்பது வாழை!

நூலகர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. தமிழை ஆங்கில எழுத்தில் எழுத நூலகங்கள் பின்பற்றும் எழுத்துப்பெயர்ப்பு முறையில் ழகரத்துக்கு எல் எழுத்தின் கீழே கோடு, ளகரத்துக்குப் புள்ளி, நெடிலுக்கு மேலே கோடு. இந்தக் கோடும் புள்ளியும் உதிர்ந்தால் வலை, வளை, வாளை, வாழை எல்லாம் ஒன்றுதான். தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர் வேறென்ன செய்வார்? என் பெயர் இன்னும் மோசம். ஐ.சி. என்னும் அடையாள அட்டையில் அந்தக் காலத்துக் குமாஸ்தா போட்ட எழுத்துக்கூட்டல், முதல் நூலில் நண்பர் போட்டது, அடுத்ததில் அச்சகம் போட்டது. பட்டியலில் நான் மூன்று பேர்.

தப்பு எங்கள் பக்கம்தான். வெளியீட்டு விழாவுக்கு மண்டபம், மாலை, பொன்னாடை என்று மாதக்கணக்கில் அலைகிறோம். நூலின் விவரத்தை ஒழுங்காக எழுதிக் கொடுக்கப் பத்து நிமிடம் ஒதுக்குவதில்லை. இத்தனைக்கும் கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் மலேசியத் தேசிய நூலகம், நூலுக்கான தனி அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னை இலவசமாகவே தருகிறது. அச்சுக்குப் போகுமுன் கேட்டால் உரிமைப் பக்கத்தில் போடும் பட்டியல் குறிப்பும் கிடைக்கும். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களிடம் 5 பிரதிகள் ஒப்படைத்ததும் கடமை முடிந்ததென்று திரும்பிவிடுகிறோம்.

வெளிநாட்டுப் பெரிய பதிப்பகங்கள் நூல் வெளிவருமுன்பே விவரங்களை ஒனிக்ஸ் என்ற கணினி வடிவக் கோப்பாக, பல நூலகங்கள் சேர்ந்து வைத்திருக்கும் வேர்ல்ட்கேட் போன்ற கூட்டுப் பட்டியல்களுக்கு அனுப்பிவிடுகின்றன. நூலகங்களுக்கு விற்கும் விநியோகஸ்தர்கள் புத்தகப் பெட்டியோடு, நூலகக் கணினி படிக்கும் பட்டியல் பதிவான மார்க் பதிவையும் தருகிறார்கள். நூலகர் அதை இறக்கிக்கொண்டு புத்தகத்தை அலமாரியில் வைத்தால் போதும். சென்னையிலிருந்து பெட்டி பெட்டியாக இறக்கும் நம் கடைக்காரர்களோ பில் மட்டும் தருகிறார்கள், அதிலும் பாதித் தலைப்பு. தமிழ் தெரிந்த ஆள் வரும்வரை பெட்டி மூலையில் கிடக்கிறது. மார்க் பதிவில் 880 என்றொரு புலம் உண்டு. தலைப்பையும் பெயரையும் தமிழ் எழுத்திலேயே அதில் வைக்கலாம். நாம் கொடுத்தால்தானே வைப்பார்கள்?

"200 பிரதி அடிக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு?" என்றார் நண்பர் ஒருவர், தே தாரிக் தேநீரை ஆற்றிக்கொண்டே. 200 பிரதி என்பதால்தான் வேண்டும் என்கிறேன். அதில் பாதி மாமா, சித்தப்பா வீட்டு அலமாரிகளில் முடிந்துவிடும். பத்து வருடம் கழித்துத் தேடி வருகிறவருக்கு நூலகப் பட்டியலை விட்டால் வேறு வழியில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் மூன்று நூல்களின் விவரத்தையும், தமிழிலும் ரோமன் எழுத்திலும், ஒரே பெயரில் எக்செல்லில் போட்டு அந்த நூலகத்துக்கு அனுப்பினேன். இரண்டே நாளில் பதில் வந்தது: வேறு எழுத்தாளர்களின் விவரமும் இதே மாதிரி கிடைக்குமா? கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நூல் போட்டிருக்கும் நண்பர்கள், கடை வைத்திருக்கும் அண்ணன்மார்கள் இன்பாக்ஸில் கேளுங்கள். மாதிரிக் கோப்பு தருகிறேன்.