பால்டிமோர் பாலத்தில் கப்பல் மோதியது தேதிக் கோளாறால் அல்ல

“கம்ப்யூட்டர்களில் தேதி குழம்ப ஆரம்பித்துவிட்டது, பால்டிமோர் பாலத்தில் கப்பல் மோதியதும் அதனால்தான்” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

2024 மார்ச் 26 அன்று டாலி என்ற சரக்குக் கப்பல் மோதி, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் இருந்த பாலம் இடிந்ததில், அதன் மேல் வேலை செய்துகொண்டிருந்த 6 பேர் இறந்தார்கள். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் நீண்ட விசாரணை நடத்தி, 2025 நவம்பரில் காரணத்தைச் சொன்னது: மின்கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு கம்பி சரியாகப் பொருந்தாமல் தளர்ந்திருந்தது. ஒரே ஒரு கம்பி! மின்சாரம் போனது, கப்பலைத் திருப்ப முடியவில்லை. விவரங்கள் வாரியத்தின் இணையதளத்திலேயே இருக்கின்றன, யாரும் படிக்கலாம்.

சரி, தேதிப் பிரச்சினையே பொய்யா? இல்லை. நேரத்தை 32 பிட்டில், அதாவது 32 இரும இலக்கங்களுக்குள், எண்ணும் பழைய மென்பொருள்கள், அந்த இடம் நிரம்பிவிடுவதால், 2038 ஜனவரி 19 அன்று தடுமாறும். 64 பிட்டுக்கு மாற்றினால் தீரும். அந்த வேலை பல வருடங்களாக நடக்கிறது. ஜிபிஎஸ்ஸில் வாரங்களைக் கணக்கிடும் எண்ணிக்கையும் 1,024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். 1999லும் 2019லும் திரும்பியது. சில பழைய கருவிகள் தவறான தேதி காட்டின, சில சேவைகள் தடைபட்டன, அவ்வளவுதான்.

கப்பலில் வேலை செய்பவர்களின் வீட்டார் இந்த வாட்ஸ்அப் செய்தியைப் படித்துப் பயப்படுகிறார்கள். உங்களுக்கு வந்தால் தயவுசெய்து அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் விஷயத்தைச் சொல்லுங்கள்.