சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஞானஸ்நானம் கத்தோலிக்கத்தில் செல்லாதா?

"கத்தோலிக்கரைக் கட்டிக்கொள்ள சி.எஸ்.ஐ.காரர் மறுபடி ஞானஸ்நானம் எடுத்தே ஆகணும்." தருமபுரி, கிருஷ்ணகிரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

தண்ணீரால், பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் கொடுத்திருந்தால் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது. தக்க சந்தேகம் இல்லாமல் திரும்பக் கொடுக்கக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம் 869. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபைகள் 1947இல் இணைந்து உருவான சி.எஸ்.ஐ.யும் இப்படித்தான் கொடுக்கிறது. 'இயேசுவின் நாமத்தில்' என்று மட்டும் சொல்லிக் கொடுக்கும் சில பெந்தெகொஸ்தே சபைகளின் கதை வேறு. அதைத்தான் கத்தோலிக்கர் ஏற்பதில்லை. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

உண்மையில் தேவைப்படுவது ஆயரின் அனுமதி (சட்டம் 1124). இரண்டு மாவட்டங்களுமே தருமபுரி மறைமாவட்டத்துக்குள் வருகின்றன. மனுவைப் பங்குத்தந்தை மூலம் கொடுக்க வேண்டும். தன் விசுவாசத்தை விடமாட்டேன், பிள்ளைகளுக்குக் கத்தோலிக்கத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) கொடுக்க முடிந்ததைச் செய்வேன் என்று கத்தோலிக்கர் உறுதி தர வேண்டும். சி.எஸ்.ஐ. தரப்பு உறுதி தர வேண்டியதில்லை. கத்தோலிக்கர் தரும் உறுதியை அவருக்குத் தெரிவித்தால் போதும்.

இழுத்தடிப்பது ஞானஸ்நானச் சான்றிதழ்தான். பழைய பதிவேடு கிடைக்காவிட்டால், நேரில் பார்த்த நம்பகமான ஒரு சாட்சி போதும் (சட்டம் 876).

கல்யாணத்துக்குப் பிறகும் சி.எஸ்.ஐ.யிலேயே இருக்கலாம். ஆனால் பூசையில் நற்கருணை வாங்கப் பொதுவாக அனுமதி இல்லை.