நாலாவது தட்டு

கேலக்ஸி 500 என்ற அமெரிக்க இசைக்குழுவின் பாட்டுப் பெட்டி போன வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து சேர்ந்தது. 1996இல் ரைக்கோடிஸ்க் நிறுவனம் வெளியிட்ட, நாலு இறுவட்டு (சீடி) உள்ள பெட்டி. யாரோ வைத்திருந்து விற்ற பழைய பிரதிதான். லண்டனில் இருக்கும் மச்சினன் வாங்கி, ஊருக்கு வந்த ஒருவர் கையில் கொடுத்தனுப்பி, கொழும்பில் ஒரு வீட்டில் இரண்டு மாதம் கிடந்து, கடைசியில் ஹட்டன் பஸ் ஏறி வந்தது. ஒரு மூலை நசுங்கியிருக்கிறது. பரவாயில்லை. மூன்று நாளாக வீட்டில் இதுதான் ஓடுகிறது.

"போன்லயே எல்லாம் கெடைக்குதேண்ணே, இதுக்கு எதுக்கு இம்புட்டுக் காசு?" என்று தங்கச்சி கேட்டாள். நியாயமான கேள்வி. வாயால் சொல்லத் தொடங்கினேன், பாதியில் நின்றுவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். டீன் வேர்ஹம் கிட்டாரும் பாட்டும், நவோமி யாங் பேஸ் கிட்டார், டேமன் குருகோவ்ஸ்கி டிரம்ஸ். பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதர்கள், ஹார்வர்டிலும் ஒன்றாகப் படித்தவர்கள். 1987இல் குழுவாகச் சேர்ந்தார்கள். பெயர், சிநேகிதர் ஒருவரின் போர்ட் காரிலிருந்து எடுத்தது. மூன்று இசைத்தட்டு வெளியிட்டார்கள்: 1988இல் 'டுடே', 1989இல் 'ஆன் ஃபயர்', 1990இல் 'திஸ் இஸ் அவர் மியூசிக்'. 1991இல் டீன் விலகினார், குழு முடிந்தது.

நான் இவர்களை முதன்முதலில் கேட்டது பேராதனையில் படிக்கும்போது. அறைத்தோழனிடம் ஒரு வெற்று இறுவட்டில் பிரதி எடுத்தது இருந்தது. மேலே பெயர்கூட எழுதவில்லை. ஆட்டம்போட வைக்கிற ரொக் இசை என்று நினைத்துத்தான் போட்டேன். மெதுவாக, மிக மெதுவாக வந்தது. நம்ம ஆட்கள் தப்பு மேளத்தை நெருப்பில் காய்ச்சி எடுத்து, அடி தொடங்குவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் தோலைத் தடவித் தடவித் தட்டிப் பார்ப்பார்களே, அந்தத் தடவல் ஒரு பாட்டு முழுக்க நீண்டால் எப்படி இருக்கும்? டேமனின் டிரம்ஸ் அப்படி. நவோமியின் பேஸ் கிட்டார் அடியில் படுத்துக் கிடக்காது, தனக்கென்று ஒரு மெட்டு வைத்துக்கொண்டு மேலே ஏறிவரும். டீனின் குரல் எந்த நேரமும் உடைந்துவிடும் போல மெலிசு. சொல்லி முடியாமல் அவர் விடுகிற இடத்தில் கிட்டார் பிடித்துக்கொள்ளும்.

அந்த மூன்று தட்டையும் நியூயோர்க்கில் கிரேமர் என்பவர் தன்னுடைய ஸ்டூடியோவில் பதிவு செய்தார். அவர் கொடுத்த எதிரொலிதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மேல்கணக்கு (மேல் பிரிவு) மலையில் நின்று ஒருத்தர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால், கீழ்க்கணக்கில் பட்டு, கொஞ்சம் நனைந்து திரும்பி வரும் இல்லையா? அந்தச் சத்தம். மன்ஹட்டன் நடுவில் உட்கார்ந்து ஒரு மனிதன் அதை எப்படி உண்டாக்கினான் என்று இன்னும் வியக்கிறேன்.

என்னைக் கேட்டால் 'ஆன் ஃபயர்' தான் உச்சம். ஒரு பாட்டைக்கூட எடுக்க முடியாது. மூன்றாவது தட்டில் சத்தம் பெரிதாகிவிட்டது, ஆட்கள் ஒருவரையொருவர் விட்டுத் தள்ளி நிற்பது கேட்கிறது. ஆனாலும் அதில் யோகோ ஓனோவின் பனி விழும் பாட்டொன்றை நவோமி பாடியிருக்கிறார். தை மாதத்தில் நுவரெலியாப் பக்கம் விடியற்காலை புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும், வெயில் ஏறினால் தேயிலைக் கொழுந்து கருகும். அழகும் நட்டமும் ஒரே காலையில். அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் கண்ணுக்குள் வரும்.

இனி பெட்டிக்கு வருகிறேன். 1991இல் இவர்களின் தட்டுகளை வெளியிட்ட ரஃப் ட்ரேட் நிறுவனம் முறிந்துபோனது. வரவேண்டிய உரிமைத்தொகை அதோடு போயிற்று. மூல நாடாக்கள், அதாவது இவர்கள் மூன்று பேரும் வாசித்துப் பாடிய அந்த மூலப்பதிவுகள், கடன் தீர்க்க ஏலத்துக்கு வந்தன. டேமன் ஏலத்தில் போய் நின்று அவற்றை வாங்கினார். தான் அடித்த டிரம்ஸ், தன் சிநேகிதியின் பேஸ், விலகிப்போன சிநேகிதனின் குரல் எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கினார். அப்படி மீட்டதுதான் ஐந்து வருஷம் கழித்து இந்தப் பெட்டியாக வந்தது. அன்றைக்கு வேறு யாராவது கையை உயர்த்தியிருந்தால் இந்தப் பாட்டுகளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தங்கச்சி சொன்ன போன் கதைக்கும் டேமனே பதில் எழுதியிருக்கிறார். 2012இன் முதல் காலாண்டில் அவர்களுடைய ஒரு பாட்டு ஸ்பொட்டிஃபையில் 5,960 தடவை ஓடியது. பாட்டை எழுதியவர்களுக்கு என்று கிடைத்தது 1.05 டொலர். மூன்று பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 35 சதம். 1988இல் 1,000 சின்னத் தட்டு அடித்து விற்றால் வரக்கூடிய வருமானத்தை எடுக்க, 2012இல் 1 கோடியே 30 இலட்சம் தடவைக்கு மேல் அந்தப் பாட்டு ஓடவேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். பறித்தவர் பேர் போடாத கொழுந்து மாதிரி இருக்கிறது இந்தக் கணக்கு. நிறுவைக்குப் போகிறது, பறித்த கைக்கு எவ்வளவு என்பதை எங்கோ ஒருவர் முடிவு செய்கிறார்.

பெட்டியில் நான் திரும்பத் திரும்பப் போடுவது நாலாவது தட்டை. மூன்று தட்டிலும் சேராதவை, விட்டுப்போனவை, முழுசாக வராதவை. மிச்சம் மீதியை எல்லாம் எதற்கு விற்கிறார்கள் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது ஒத்துவரவில்லை. ஒரு பாட்டு எப்படி நடக்கப் பழகியது என்பது அதில்தான் தெரியும். யார் சேர்த்தார்கள் என்பதும் முக்கியம். உயிரோடு இருக்கும்போதே தங்கள் மிச்சத்தைத் தாங்களே எடுத்து அடுக்கியிருக்கிறார்கள்.

எங்கள் தாத்தாவுக்கு அது கிடைக்கவில்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன் போலிருக்கிறது.

தாத்தா எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து மாஸ்டர். காமன் என்கிற மதனுக்கும் ரதிக்கும் நடக்கும் கல்யாணத்தையும், அவன் எரிந்தபின் அவள் வைக்கும் ஒப்பாரியையும் ஆடிப் பாடுகிற கூத்து. மாசியில் கம்பம் ஊன்றியதிலிருந்து காமன் எரியும் இரவு வரைக்கும் அவர் வீட்டு மனிதரே இல்லை. எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது, அந்தக் கடைசி இரவுக்கு ஒரு குழு பெரிய ரெக்கோடரும் மைக்குமாக வந்தது. சித்தப்பாவும் தன்னுடைய சின்ன ரேடியோக் கசட்டை இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) வைத்திருந்தார். இரண்டு மெஷின் வேண்டாம், இடைஞ்சல் என்றார்கள். சித்தப்பா மறுபேச்சுப் பேசாமல் நிறுத்தினார். நடுச்சாமத்துக்கு மேல் அவர்கள் வேன் ஏறிப் போய்விட்டார்கள். பிரதி அனுப்புகிறோம் என்று தோட்ட விலாசத்தை எழுதிக்கொண்டார்கள். வரவே இல்லை. சில வருஷம் கழித்து ஒரு நிகழ்ச்சியில் தாத்தாவின் குரல் கேட்டது. மலையக நாட்டார் பாடல் என்று மட்டும் சொன்னார்கள். தாத்தாவுக்குப் பெயர் இருந்தது. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் தினமும் கூப்பிட்ட பெயர்.

மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடிச் சேர்த்து 1983இல் புத்தகமாகக் கொண்டுவந்தார், அடுத்த வருஷமே காலமானார். அந்த மனிதர் செய்யாவிட்டால் எத்தனையோ வரிகள் மண்ணோடு போயிருக்கும். ஆனால் புத்தகத்தில் வரிதான் இருக்கும், பாடியவரின் இருமல் இருக்காது. மலையக மக்கள் இலங்கைக்கு வந்த 200 ஆண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தபோது வழியெல்லாம் பாடினோம், ஆளாளுக்குப் போனில் பிடித்தோம். அந்தப் பதிவுகள் எல்லாம் இப்போது யார் யாரிடம் இருக்கின்றன?

வேன் போனபின் சித்தப்பா தன் மெஷினைத் திரும்பப் போட்டார். அந்தக் கசட் மட்டும் இருக்கிறது. அடுப்புக்கு மேலே பரணில் அம்மா வைத்திருந்ததால் நம்ம ஊர் ஈரத்துக்குத் தப்பியது. அப்படியும் நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம். போன மாதம் ஹட்டனில் ஒரு ரேடியோ திருத்துகிறவரிடம் கொண்டுபோனேன். அஞ்சு ஸ்குரூவைக் கழற்றி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, நாடாவை விரலிடுக்கில் வைத்து முழம் முழமாகத் துடைத்து, வேறு கூட்டுக்குள் மாற்றினார். முழுப் பின்னேரமும் போனது. காசு வாங்க மாட்டேன் என்றார், வற்புறுத்திக் கொடுத்தேன்.

கேட்டோம். தகரத்தில் மழை, ஒரு பிள்ளையின் அழுகை, அதுக்கு மேலே தாத்தா. ஓர் இடத்தில் பாட்டை நிறுத்தி, "அந்த பெட்ரோமெக்ஸ இங்கிட்டு தள்ளி வையிடா" என்கிறார், விட்ட இடத்திலேயே சுருதி பிசகாமல் பிடிக்கிறார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கசட்டின் மேல் சித்தப்பா பென்சிலால் எழுதியிருக்கிறார்: 'காமன், பிற்பாதி'. அதனால் எங்களிடம் இருப்பது ரதியின் ஒப்பாரி மட்டும்தான். ரதிக்கும் மதனுக்கும் நடந்த கல்யாணப் பாட்டு முழுவதும் அந்தக் குழுவின் நாடாக்களில் இருக்கிறது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில், மழை பெய்த ஒரு மாசி இரவில் பதிவானது. உங்கள் அலுமாரியிலோ, வேலை செய்கிற இடத்து அறையிலோ அப்படி ஒரு நாடா கண்ணில் பட்டால் எனக்கு இன்பொக்ஸில் எழுதுங்கள். விலை சொன்னாலும் சரி, வாங்கிக்கொள்கிறேன்.