மஞ்சள் பால் கெட்ட பால் அல்ல

"பிரசவமான முதல் மூன்று நாள் வரும் மஞ்சள் பால் கெட்டது, பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ கொடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

அந்தச் சீம்பாலில்தான் நோய் எதிர்ப்புப் புரதங்களும் வைட்டமின் ஏ சத்தும் செறிந்திருக்கின்றன. மஞ்சள் நிறம் கரோட்டின் என்ற இயற்கை நிறமியால் வருவது, கெட்டுப்போனதால் அல்ல. சில தேக்கரண்டிதான் சுரக்கும். பிறந்த குழந்தையின் வயிறும் அவ்வளவுதான் கொள்ளும். "பால் பத்தலையே" என்று வீட்டுப் பெரியவர்கள் பதறுவது இங்கேதான். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். சர்க்கரைத் தண்ணீரில் வயிறு நிறைந்த குழந்தை எங்கே சப்பும்?

சேனை என்று பிறந்ததும் நாக்கில் தொட்டுவைக்கும் தேன் இன்னும் மோசம்: ஒரு வயதுக்குள் பாட்டுலிசம் என்ற நஞ்சுநோய் வரக்கூடும்.

பிறந்த 1 மணி நேரத்துக்குள் தாய்ப்பால், பிறகு 6 மாதம்வரை அது மட்டுமே என்கிறது உலக சுகாதார நிறுவனம். தண்ணீர்கூட வேண்டாம், சித்திரை வெயிலானாலும்.